ஜெபத்தில் வரும் பராக்கு

‘பராக்கு’ என்ற சொல் கத்தோலிக்கக் குடும்பங்களில் வளர்ந்த பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெருவில் வாயைப் பிளந்து நிற்கும் பிள்ளையை, “அங்கே என்னடா பராக்குப் பார்க்கிறே?” என்று அதட்டுவார்களே, அதே பராக்குதான். பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் சாமியார் முன் முழங்காலிட்டு, பொய் சொன்னேன், கோபப்பட்டேன் என்று சொல்லிக்கொண்டே வரும் வரிசையில், ‘ஜெபத்தில் பராக்காயிருந்தேன்’ என்பதும் தவறாமல் வந்துவிடும். சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே வீடுகளில் இதையே ‘மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது’ என்பார்கள். சபைதான் வேறு, சங்கடம் ஒன்றுதான்.

இந்தச் சொல்லில் ஒரு வேடிக்கை உண்டு. ராஜா சபைக்குள் நுழையும்போது கட்டியக்காரன் ‘பராக்! பராக்!’ என்று கூவுவான். கவனம், ராஜா வருகிறார் என்பதுதான் அதற்கு அர்த்தம். கவனமாக இரு என்று சொல்லவும் பராக்கு, கவனம் கெட்டுப்போனதைச் சொல்லவும் பராக்கு. கண்ணை மூடி ஜெபத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த இரண்டுக்கும் நடுவே எத்தனை நொடி இருக்கிறது என்று தெரியும்.

காலை ஐந்தரை மணி. வீட்டில் மற்றவர்கள் எழுவதற்குள் வேதாகமத்தைத் திறந்து ஒரு சங்கீதம் வாசிக்க உட்காருகிறார் ஓர் அம்மா. இரண்டாவது வசனத்தில், ராத்திரி பாலுக்கு உறை ஊற்றினோமா என்ற சந்தேகம். நான்காவது வசனத்தில் பள்ளி வேன் கட்டணம். ஆறாவது வசனத்தில், போன வாரம் நாத்தனார் சொன்ன ஒரு வார்த்தையும் அதற்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலும். வசனங்கள் கண்ணுக்குள் போய்க்கொண்டே இருக்கின்றன, உள்ளே ஒன்றும் இறங்கவில்லை. சங்கீதம் முடிந்தபோது எதைப் படித்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நாத்தனாருக்குச் சொல்ல வேண்டிய பதில் மட்டும் முழுமையாகத் தயாராகியிருக்கும்.

இப்போது வேதாகமமே போனுக்குள் வந்துவிட்டதால் இன்னொரு கூத்து. சங்கீதம் திறந்திருக்கும் திரையின் மேல் ஒரு செய்தி வந்து விழுகிறது. திறந்தால், சித்தி குடும்பக் குழுவில் அனுப்பிய காலை வணக்கம். ரோஜாப்பூ படத்தில் ஒரு வேதவசனம். அதற்கு ஒரு ‘ஆமென்’ போட்டு, அடுத்தவருடைய ஆமெனைப் பார்த்து, யாரோ வைத்த ஸ்டேட்டஸைப் பார்த்துத் திரும்புவதற்குள் அடுப்படி கூப்பிடுகிறது. வசனம் படிக்க விடாமல் வசனமே தடுக்கும் அதிசயம் இந்தக் காலத்துக்கே உரியது.

ஆனால் பழியை முழுதும் போன் மேல் போட முடியாது. நான்காம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் ஜெபத்துக்கென்றே ஒதுங்கி வாழ்ந்த துறவிகளிடம் போனும் இல்லை, நாத்தனாரும் இல்லை. அவர்களில் ஒருவரான எவாக்ரியுஸ், மதிய வேளையில் துறவியைப் பிடிக்கும் ஒரு சோர்வைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். பொழுது நகரவே நகராது. துறவி அடிக்கடி ஜன்னலைப் பார்ப்பான். குடிலை விட்டு வெளியே வந்து, சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று சூரியனை அண்ணாந்து பார்ப்பான். பக்கத்துக் குடிலிலிருந்து யாராவது பேச வருகிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்ப்பான். ஜன்னலுக்குப் பதிலாகத் திரை என்று போட்டால் அது இன்றைக்கு எழுதியது மாதிரி இருக்கும்.

அவருக்குச் சற்றுப் பின், வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவில் உள்ள ஹிப்போ நகரத்தின் ஆயராக இருந்த புனித அகுஸ்தினாரைத் தடுக்கி விழச் செய்தது ஒரு பல்லி. தன் வாழ்க்கையைக் கடவுளிடமே எடுத்துச் சொல்வதாக அவர் எழுதிய புகழ்பெற்ற நூலின் பத்தாம் பகுதியில் இது வருகிறது. விளையாட்டரங்குக்குப் போய் நாய் முயலைத் துரத்துவதைப் பார்க்கும் வழக்கத்தை அவர் விட்டுவிட்டார். ஆனாலும் வயல்வெளியில் போகும்போது அப்படி ஒன்று நடந்தால் மனம் அதன் பின்னாலேயே ஓடிவிடுகிறது. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது சுவரில் பல்லி ஈ பிடித்தால் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிடுகிறார். பெரிய ஞானி, சபைத் தலைவர். ட்யூப்லைட் பக்கத்தில் பல்லி பூச்சியைக் குறி வைப்பதைப் பார்த்துக்கொண்டே குடும்ப ஜெபத்தைக் கழித்த எந்தப் பிள்ளைக்கும் இதைக் கேட்டால் ஆறுதலாக இருக்கும்.

சிரிக்க முடிகிற விஷயம்தான். ஆனால் இதில் கையை விட்டுப் போவது சின்னதல்ல. மனசு நிற்கவில்லை என்று வருஷக்கணக்கில் தன்னையே நொந்துகொண்ட ஒருவர், ஒருநாள் சத்தமில்லாமல் ஜெபத்தை நிறுத்திவிடுகிறார். விசுவாசம் போய்விடவில்லை. கோயிலுக்குப் போகிறார், காணிக்கை போடுகிறார், பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளிக்கு உடுப்புத் தேய்த்துக் கொடுக்கிறார். தனியாக உட்காருவது மட்டும் நின்றுபோகிறது. கேட்டால், “அதெல்லாம் எனக்கு வராதுங்க, சிஸ்டர்மாருக்கும் ஊழியக்காரங்களுக்கும்தான்” என்பார். கைக்குழந்தையோடு ராத்திரியெல்லாம் விழித்திருக்கும் தாய், படுக்கையில் விழுந்த மாமியாருக்கு மூன்று வேளையும் துணி மாற்றும் மருமகள், இரண்டு ஷிஃப்ட் பார்க்கும் தகப்பன் என்று, ஒரு துணை ரொம்பத் தேவைப்படுகிறவர்கள்தான் முதலில் இப்படி விலகிப்போகிறார்கள். வெட்கத்தினால் விலகுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

இந்த வெட்கத்தைப் போக்க ஜெர்மனியில் ஒரு முடிதிருத்துபவரின் கதை உதவும். விட்டன்பெர்க் நகரத்தில் மார்ட்டின் லூத்தருக்கு முடிவெட்டி, சவரம் செய்தவர் பீட்டர். எப்படி ஜெபம் செய்வது என்று அவர் கேட்டதற்குப் பதிலாக லூத்தர் 1535-ல் ஒரு சிறு நூலையே எழுதிக் கொடுத்தார். எடுத்த எடுப்பிலேயே அவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார். வேலையாலும் வேறு எண்ணங்களாலும் தனக்கே ஜெபத்தில் நாட்டமில்லாமல் போவதுண்டு, அப்போது சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்கோ ஆலயத்துக்கோ போய்விடுவேன் என்று. ஐரோப்பாவையே ஒரு உலுக்கு உலுக்கியவர், தன் சவரக்காரரிடம் மறைக்காமல் சொன்ன விஷயம் இது.

அந்த நூலில் பாதிரியார் ஒருவர் வருகிறார். வாய் லத்தீனில் சங்கீதம் சொல்கிறது. ஒரு வரி முடிந்ததும் வேலைக்காரப் பையனிடம், வண்டியிலிருந்து குதிரையை அவிழ்த்தாயா என்று கேட்கிறார். அடுத்த வரி முடிந்ததும் வேலைக்காரப் பெண்ணை மாட்டில் பால் கறக்கப் போகச் சொல்கிறார். ‘பரமண்டலங்களிலிருக்கிற’ என்று தொடங்கிவிட்டு, “குக்கர் எத்தனை விசில்?” என்று கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும் வீடுகளுக்கு இவர் ஒன்றும் அந்நியர் இல்லை.

பீட்டருக்குப் புரியும்படி அவருடைய தொழிலிலிருந்தே லூத்தர் உதாரணம் எடுக்கிறார். நல்ல சவரக்காரர் கத்தியிலும் தாடியிலும் கண்ணை வைத்திருப்பார். எங்கே வழித்தோம், எங்கே விட்டோம் என்பது அவருக்குத் தெரியும். ஊர்க்கதை பேசிக்கொண்டு அங்கும் இங்கும் பார்த்தால் வந்தவருடைய வாயையோ மூக்கையோ அறுத்துவிடுவார், கழுத்தே கூடப் போய்விடலாம். பரமண்டல ஜெபத்தைப் பற்றி இன்னொரு இடத்தில் அவர் சொல்வது இன்னும் கூர்மையானது. அதுதான் உலகத்திலேயே பெரிய இரத்தசாட்சியாம்! எல்லாரும் அதை அப்படிப் போட்டுச் சித்திரவதை செய்கிறார்களாம், ஆயிரம் முறை ஒப்பித்து.

அந்தப் பீட்டருக்கு என்ன ஆனது என்பதைப் பிரசங்கங்களில் அவ்வளவாகச் சொல்வதில்லை. அதே 1535-ல், ஈஸ்டருக்கு முந்தின நாள், மகள் வீட்டு விருந்தில் உட்கார்ந்திருந்தார். போர்வீரனான மருமகன், எந்த ஆயுதமும் தன்னை ஒன்றும் செய்யாது என்று பெருமையடித்தான். பீட்டர் கத்தியை எடுத்துக் குத்திவிட்டார். மருமகன் செத்துப்போனான். லூத்தரும் மற்றவர்களும் பரிந்து பேசியதால் மரண தண்டனை தப்பியது; சொத்து போய், ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார். கவனத்தைப் பற்றி கிறிஸ்தவ உலகத்தின் மிக நல்ல புத்தகங்களில் ஒன்று யாருக்காக எழுதப்பட்டதோ, அவருக்கு ஒரு கணம் தன் கையின் மேல் கவனம் போய்விட்டது. ஜெபப் புத்தகம் தாயத்து இல்லை. காலை பதினைந்து நிமிடம் மனதை நிறுத்திப் பழகுவது அந்தப் பதினைந்து நிமிடத்துக்காக மட்டும் இல்லை, சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் யாரோ ஒரு வார்த்தையை விடும்போதும் அது வேண்டியிருக்கிறது.

சரி, நாளெல்லாம் வேலையிலேயே கிடப்பவர்கள் என்ன செய்வது? இந்தக் கேள்வி வந்தாலே எல்லாரும் பாரிஸ் மடத்துச் சமையற்காரரான சகோதரர் லாரன்ஸைத்தான் கூப்பிடுவார்கள். அவரைப் பற்றி வழக்கமாகச் சொல்வது, பானை கழுவிக்கொண்டே கடவுளோடு பேசினார், அவருக்கு வேலையே ஜெபமாக இருந்தது என்பது. அரைகுறையாகச் சொல்லிச் சொல்லியே அவரைச் சுலபமான ஆளாக ஆக்கிவிட்டார்கள்.

அவர் அப்படிச் சுலபமாக அந்த இடத்துக்கு வந்தவர் இல்லை. இளவயதில் சிப்பாய், போரில் காயம் பட்டுக் கால் ஊனமானவர். பிறகு ஒரு பெரிய மனிதர் வீட்டில் வேலைக்காரர். தொட்டதையெல்லாம் போட்டு உடைக்கும் ஆள் என்று அவரே தன்னைச் சொல்லிக்கொண்டார். 1640-ல் பாரிஸ் கார்மேல் மடத்தில் சாதாரணச் சகோதரராகச் சேர்ந்தார். சமையல் வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காது. அதில்தான் சுமார் பதினைந்து வருஷம் போட்டுவைத்தார்கள். திராட்சை ரசம் வாங்கப் பர்கண்டிக்குப் படகில் அனுப்பினார்கள். வியாபாரமும் தெரியாது, காலும் சரியில்லை, பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டுதான் படகில் இடம் மாற முடிந்தது. மடத்துக்கு வந்த முதல் பத்து வருஷம் உள்ளுக்குள் மிகவும் துன்பப்பட்டதாகவும் அவர் கடிதத்தில் எழுதியிருக்கிறார். பத்து வருஷம்! பத்து நாளில் மன அமைதி என்று விளம்பரம் செய்யும் காலத்தில் இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அவர் செய்தது என்ன என்பது, 1691-ல் அவர் இறந்த பிறகு வெளிவந்த உரையாடல்களிலும் கடிதங்களிலும் இருக்கிறது. வேலையைத் தொடங்குமுன் ஒரு சின்ன ஜெபம். வேலைக்கு நடுவே அவ்வப்போது ஒரு வார்த்தை. முடித்ததும் எப்படிச் செய்தோம் என்று ஒரு பார்வை: நன்றாகச் செய்திருந்தால் நன்றி, இல்லையென்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அதிலேயே சோர்ந்து கிடக்காமல் அடுத்த வேலை. சட்டியில் முட்டை அடையைத் திருப்பிப் போடுவதையும் கடவுள் மேல் உள்ள பிரியத்தினால் செய்தார். வேலையே ஜெபம் என்று சும்மா சொல்லிவிட்டு வேலையில் மூழ்கிப்போவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

ஜெபத்தில் மனம் அலைகிறது என்று முறையிட்ட ஒரு கன்னியாஸ்திரிக்கு அவர் எழுதிய பதிலின் சாரம், இதற்காக உன்னையே திட்டிக்கொள்ளாதே என்பது. திட்டத் தொடங்கினால் மனம் இன்னும் கலைந்துதான் போகும். மெதுவாகக் கூட்டிக்கொண்டு வா. நிறையப் பேசாதே, நீளமான பேச்சே மனதை வெளியே கூட்டிக்கொண்டு போய்விடும். பணக்காரர் வீட்டு வாசலில் பேச முடியாத, நடக்க முடியாத பிச்சைக்காரன் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திரு என்கிறார்.

அடம் பிடித்துத் தெருவுக்கு ஓடும் குழந்தையை அடித்து இழுத்து வரும் அம்மாவும் உண்டு, போய் இடுப்பில் தூக்கிவரும் அம்மாவும் உண்டு. இருபது நிமிடத்தில் முப்பது தடவை ஓடினால் முப்பது தடவை தூக்கி வருவாள். ‘இன்னிக்கு ஜெபமே பண்ணல, முப்பது தடவை பராக்குத்தான்’ என்று ஒருவர் சலித்துக்கொள்ளும்போது, முப்பது தடவை திரும்பி வந்ததை அவர் எண்ணவே இல்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஜெபத்தில் வந்து குறுக்கிடுவது பெரும்பாலும் எது? பல்லி எப்போதாவதுதான். வேன் கட்டணம், ஸ்கேன் ரிப்போர்ட், பையனுடைய அரியர், நாத்தனார் வார்த்தை என்று, மனதில் உண்மையாகவே கிடப்பதுதான் மேலே வருகிறது. அதைத் துரத்திவிட்டு, மனப்பாடமான அழகான வார்த்தைகளைச் சொல்வது மரியாதை என்று நினைப்பவர்கள் உண்டு. வந்ததையே ஜெபமாக்கிவிடலாம். ‘ஆண்டவரே, அந்த வார்த்தை இன்னும் வலிக்குது’ என்பதில் இலக்கணம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. உறை ஊற்றும் விஷயம் மாதிரிச் சின்னதாக இருந்தால், பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டுத் திரும்பலாம். எழுதியபின் மனம் அதைச் சுமக்காது. போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு அச்சடித்த வேதாகமத்தை எடுப்பது, வசனத்தை வாய்விட்டு வாசிப்பது, தினம் அதே நாற்காலியில் உட்காருவது எல்லாம் கேட்க அற்பமாக இருக்கும். பாலைவனத்துத் துறவிகளும் பாய் முடைந்துகொண்டுதான் ஜெபித்தார்கள், கை சும்மா இருந்தால் மனம் ஓடுகிறது என்று தெரிந்து.

இடம் கிடைக்காதவர்களுக்கு முந்தானை இருக்கிறது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றவர். பலர் சிசுவிலேயே போய்விட்டார்கள். இங்கிலாந்தில் அந்த நெருக்கடியான வீட்டில் அவர் தன் மேலங்கியைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டால் அம்மா ஜெபம் செய்கிறார் என்று பிள்ளைகள் விலகிப் போவார்கள் என்று சொல்லப்படுவதுண்டு. திருநெல்வேலிப் பக்கத்துச் சமையலறையில் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மணைக்கட்டையில் உட்காரும் பாட்டிக்கு சூசன்னாவைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

மணையில் உட்காரக்கூட நேரமில்லை என்றால் நெகேமியா இருக்கிறார். பாரசீக ராஜாவுக்குத் திராட்சை ரசம் ஊற்றிக் கொடுப்பவர். இடிந்து கிடக்கும் எருசலேமை நினைத்து முகம் வாடி நிற்கிறார். உனக்கு என்ன வேண்டும் என்று ராஜா கேட்கிறான். ராஜாவின் கேள்விக்கும் தன் பதிலுக்கும் நடுவே நெகேமியா ஜெபம் செய்தார் என்கிறது வேதம். எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? மேனேஜர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வாய் திறக்கும் முன் எடுக்கும் ஒரு மூச்சு அளவு. ஆனால் அதே நெகேமியா, அதற்கு முன்னே பல நாட்கள் உபவாசமிருந்து அழுது ஜெபித்தவர் என்பது முந்தின அதிகாரத்தில் இருக்கிறது. அந்த ஒரு மூச்சு அங்கிருந்து வந்தது.

பராக்கு என்றதும் பிரசங்கங்களில் தப்பாமல் மாட்டுகிறவள் மார்த்தாள். வீட்டுக்கு வந்த இயேசுவின் காலடியில் தங்கை மரியாள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க, மார்த்தாள் பற்பல வேலைகளில் அலைமோதினாள். லூக்கா அங்கே போட்டிருக்கும் கிரேக்கச் சொல்லுக்குப் பல பக்கமும் இழுபடுதல் என்று பொருள். கடைசியில் அவள் இயேசுவிடமே வந்து தங்கையைப் பற்றி முறையிட்டு, அன்பான ஒரு கண்டிப்பை வாங்கிக்கொண்டாள். சமையலைக் கண்டித்ததாகவே இதைப் பெண்களுக்குப் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். பிரசங்கம் முடிந்து வீட்டுக்குப் போனதும் சாப்பாடு தயாரா என்று கேட்பவர்களும் அவர்களேதான்.

இயேசு சொன்னது கவலையையும் கலக்கத்தையும் பற்றி. அடுப்பை அணைக்கச் சொல்லவில்லை. மார்த்தாள் அத்தோடு முடிந்துபோகவும் இல்லை. தம்பி லாசரு இறந்தபோது, இயேசு வருகிறார் என்று கேட்டதும் முதலில் எழுந்து போனவள் அவள்தான். பிறகு யோவான் பன்னிரண்டாம் அதிகாரத்தில், பஸ்காவுக்கு ஆறு நாள் இருக்கும்போது, பெத்தானியாவில் மறுபடி ஒரு விருந்து. உயிரோடு எழுந்த லாசரு பந்தியில் இருக்கிறான். மரியாள் விலையுயர்ந்த நளத தைலத்தைக் கொண்டுவந்து இயேசுவின் பாதத்தில் பூசுகிறாள், வீடு முழுக்க வாசனை. முணுமுணுக்கும் குரல் ஒன்று இங்கேயும் கேட்கிறது, ஆனால் அது யூதாஸுடையது. தைலத்தை முந்நூறு பணத்துக்கு விற்றிருக்கலாமே என்று கணக்குப் பார்க்கிறான்.

மார்த்தாளைப் பற்றி யோவான் அங்கே எழுதியிருப்பது ஒன்றுதான். பரிமாறிக்கொண்டிருந்தாள்.